சாப்பிட்டுவிட்டுத்தான் பல் டாக்டரிடம் போக வேண்டும்

ஏங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. எழுந்ததும் கஞ்சியைக் குடித்து, சர்க்கரை மாத்திரையையும் போடுங்கள். மாத்திரை முன்னாலா பின்னாலா என்று இப்போது எனக்கே சந்தேகம். மருந்துச் சீட்டைப் பாருங்கள்.

நேற்று "வெறும் வயிற்றோடுதான் போகணும்" என்று ஒற்றைக்காலில் நின்று உங்களோடு மல்லுக்கட்டினேனே, அது தப்பு. ரத்தப் பரிசோதனைக்குச் சொன்னதைப் பல் பிடுங்குவதற்கும் போட்டுக் குழப்பிக்கொண்டேன்.

காலையில் பல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நர்ஸ்தான் எடுத்தார்.

"சாப்பிடாம வரச் சொல்லட்டுமா?"

"ஐயையோ, சர்க்கரைக்காரர் பட்டினியா வந்தா மயக்கம் போட்டுடுவாரும்மா!"

"ஈறு வீங்கினது சர்க்கரையாலயா?"

"இருக்கலாம்மா. ஈறு கெட்டாலும் சர்க்கரை ஏறும்."

"அப்ப எதை முதல்ல பார்க்கறது?"

"ரெண்டையும் சேர்த்துத்தான்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நேற்றுக் கொடுத்த ரத்தத்தின் முடிவை டாக்டர் கேட்கிறாராம். அதைப் போய் வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்கு நேரே பல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவேன், நீங்களும் அங்கே வந்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

மறந்தேன்: மூன்று மாதமாய்த் தட்டில் பாதியை மிச்சம் வைத்தீர்கள். என் சமையல் கசந்துவிட்டதென்று நானும் உம்மென்று இருந்தேன். பல் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

இன்னொன்று: ஒன்பது மணிக்குப் போன் செய்வேன். கோபமிருந்தாலும் எடுத்து, "குடிச்சிட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவேன்.