நீ குணமாகிவிட்டாய் என்று நான் சொன்ன சாட்சி

என் செல்லக் கண்ணு ஜெனிக்கு,

கிணத்துக்கடவில் காற்று ஆரம்பித்துவிட்டது. உன் கல்லறை மண் இன்னும் இறங்கி முடியவில்லை, அதனால் சிலுவை சாய்ந்தே நிற்கிறது. நேற்றுப் போய் நிமிர்த்தி வைத்தேன். இந்நேரம் மறுபடியும் சாய்ந்திருக்கும்.

உன்னிடம் மறைத்த ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருஷம் எங்கள் சபையிலிருந்து பத்து நாள் மிஷன் ட்ரிப்புக்கு, சுவிசேஷம் சொல்லக் கம்போடியா போனோமே, நீதானே பருப்புப்பொடியெல்லாம் திணித்து எனக்குப் பெட்டி கட்டினாய்? ஐந்தாம் நாள் காலையில் போன் செய்தாய். "அக்கா, முதுகு வலிக்குதுங்க்கா. எலும்புக்குள்ள வலிக்குற மாதிரி இருக்குது. ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க, நீங்க ஊழியத்த முடிச்சுப்போட்டு வாங்க" என்றாய். நான் என்ன சொன்னேன்? "சும்மா இரு அம்மணி, என் பெட்டியத் தூக்குனதுல புடிச்சிருக்கும்" என்றேன்.

அன்று மாலைக் கூட்டத்தில், கர்த்தர் நமக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்வது என் முறை. "என் தங்கைக்கு மார்பில் புற்றுநோய். கர்த்தர் முழுசாகக் குணமாக்கிவிட்டார். இன்றைக்கு அவளுக்கு ஒரு வலியும் இல்லை" என்றேன். உன் ஆபரேஷனை, கீமோவை, முடி கொட்டியதை, ஒன்றையும் சொல்லவில்லை. சொன்னால் சாட்சியின் வேகம் குறைந்துவிடும் என்று நினைத்தேன். என் வாயில் கொள்ளியை வைக்க!

முன்வரிசையில் சந்தா என்று ஒரு பெண். உன் வயதுதான். அவளுக்கும் மார்பில் கட்டி, நகரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

ஊர் திரும்பிய பிறகு, அங்கே எங்களுக்கு மொழிபெயர்த்த தம்பி வாட்ஸ்அப்பில் எழுதினார். சந்தா ஆபரேஷனுக்குப் போகவில்லையாம். கோயமுத்தூர்த் தங்கைக்கு நடந்தது எனக்கும் நடக்கும் என்கிறாளாம். நோய் உன் எலும்புக்குப் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னது அந்த வாரம்தான். நான் பதிலே போடவில்லை.

நீ போன ஒன்பதாம் நாள், பார்த்துக்கொண்டே ஜெபிக்க உன் போட்டோ வேண்டும் என்று சந்தா கேட்டாள். அனுப்பினேன் கண்ணு. முடி திரும்ப வளர்ந்து, மஞ்சள் சேலையில் சிரிக்கிறாயே, அதை. நீ செத்துவிட்டாய் என்று எழுத விரல் வரவில்லை.

எங்கள் குழுத் தலைவரிடம் போய் அழுதேன். "ஏனுங்க சிஸ்டர், இப்பப் போயி உண்மையச் சொன்னா அந்த ஜனங்க விசுவாசமே ஆடிப்போயிருமுங்க. ஜெபிப்போமுங்க" என்றார். முட்டி போட்டால் ஒரு கட்டளைதான் ஞாபகத்துக்கு வந்தது. பொய்ச்சாட்சி கூடாது என்று பத்துக் கட்டளையில் இருக்கிறதே, அது கோர்ட்டுக் கூண்டில் நிற்கிறவர்களுக்கு என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

இன்று காலை அந்தத் தம்பி மொழிபெயர்க்க, வீடியோ காலில் சந்தாவிடம் சொல்லிவிட்டேன். நீ இறந்ததை, உன் வலி தெரிந்தே நான் அன்று பேசியதை, எல்லாவற்றையும். ரொம்பவும் மெலிந்திருந்தாள்.  ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்படியானால், உங்கள் தங்கைக்காக நீங்கள் ஜெபிக்கவே இல்லையா?"

ஜெபித்தேனா ஜெனி? உனக்காக அழுததைவிட, உன்னைச் சொல்லிக் கைதட்டு வாங்கினதுதான் அதிகம்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கெஞ்சினேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கட்டி உடைந்துவிட்டது என்று அந்தத் தம்பி பிறகு தனியாகச் சொன்னார். இனிமேல் போனாலும் பிழைப்பாளா? யாரைக் கேட்பேன்?

அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை தினமும் கூப்பிடுவேன், இது சத்தியம். எடுக்காவிட்டாலும் கூப்பிடுவேன். அடுத்த ட்ரிப்புக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சாட்சி சொல்லப் பழக்கிவிடுமாறு சபையில் என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முன்னால் நின்று இந்தக் கடிதத்தை வாசிப்பேன், ஒரு வரி விடாமல்.

உன் வலியைக் கேட்டும் கேட்காத உன் அக்கா,
மெர்சி