மகளிடம் மறைத்த வலி

என் அருமை அம்மாவுக்கு,

நேற்று ஊட்டிக்குப் போய்வந்தேன். நுகர்வோர் கோர்ட்டில் உன் வழக்கு விசாரணைக்கு வந்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது சரிவில் வழுக்கி விழுந்து கால் முறிந்ததும், கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்றுதானே அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தோம்? வேலை முடிந்து நான் வந்து பார்க்கும்போதெல்லாம் சிரித்த முகமாகவே இருந்தாய். ஒருநாள் நான் வேலை செய்யும் தேயிலை ஃபேக்டரிக்குப் போன் வந்தது. ஓடி வந்து பார்த்தால் உன் முகத்தை மூடியிருந்தார்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைத்துவிட்டதாம்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த மாதியம்மா சொல்லித்தான் மீதி தெரிந்தது. கட்டுக்குள் கால் வீங்கி நீ துடித்திருக்கிறாய். நர்ஸ் பலமுறை டாக்டருக்குப் போன் செய்திருக்கிறார். "எலும்பு முறிஞ்சா வலிக்கத்தான் செய்யும், மாத்திரை குடுங்க" என்றாராம் அவர். வந்து பார்க்கவே இல்லை. நான் எழுதிக் கேட்டதற்கு ஆஸ்பத்திரியோ, நோயாளி வலி என்று எதுவும் சொல்லவில்லை என்று பதில் கொடுத்தது. அதைப் படித்த பிறகுதான் வழக்குப் போட்டேன்.

உன் மருமகனுக்குப் பயம். "அவங்க பெரிய ஆளுங்க, சுமதி. நாளைக்குப் புள்ளைக்கு ஏதாச்சும்னா அங்கதான தூக்கிட்டு ஓடோணும்?" என்கிறார். சின்னவள் இருமினாலே ராத்திரி முழுக்க அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் செய்வது சரிதானா, அம்மா?

அந்த நர்ஸ் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். வாய் திறக்க மாட்டார். மாதியம்மா ஒருவர்தான் நமக்குச் சாட்சி. நேற்றுக் காலை அவரும் போனை எடுக்கவில்லை. கோர்ட் வாசலில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொரு ஜீப்பையும் எட்டிப் பார்த்தேன். பனிமூட்டத்தில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. நம் வக்கீலம்மா என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். கடைசியில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் மாதியம்மா.

"வம்பு எதுக்குன்னு மகன் போனைப் புடுங்கி வெச்சுக்கிட்டான். நான் நடந்தே ரோட்டுக்கு வந்து பஸ் ஏறிட்டேன்."

உள்ளே போனதும் எல்லாவற்றையும் சொன்னார். கூடவே, அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிட்டார். "மகளுக்குச் சொல்லிராதீங்க. இப்பத்தான் வேலையை நிரந்தரம் பண்ணியிருக்காங்க. பதறிப்போய் லீவு போட்டுருவா" என்று அவரிடம் கேட்டுக்கொண்டாயாமே?

எனக்கு அழக்கூட நேரமில்லை. எதிர்த் தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டார். "அப்ப, வலியை அவங்களேதான் மறைச்சிருக்காங்க?" என்றார். முடிந்தது என்று நினைத்தேன்.

மாதியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க சார், மகள்கிட்டதாங்க மறைச்சாங்க. டாக்டருகிட்ட மறைக்கலீங்களே! அவரை வரச்சொல்லுங்க, வரச்சொல்லுங்கன்னு அழுதாங்க."

"நீங்க நேர்ல போய்ப் பாத்தீங்களா?" என்று அங்கே வந்திருந்த டாக்டரிடம் நீதிபதி கேட்டார். "போன்ல சொன்னேன்" என்றார் டாக்டர். தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

தீர்ப்பைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். எப்படி வேண்டுமானாலும் வரலாம் என்கிறார் வக்கீலம்மா. வந்து பார்த்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் வாதாடுகிறார்கள். நிஜமாகவா, அம்மா? காலை ஒருமுறை தொட்டுப் பார்த்திருந்தால் நீ இருந்திருப்பாயா? இந்தக் கேள்வியோடுதான் தேயிலைத்தூள் சலிக்கிறேன், சோறு வடிக்கிறேன்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தீர்ப்பு நாளன்று போய் நிற்பேன். தோற்றால் மேல் கோர்ட்டுக்கும் போவேன். இன்னொன்றும் உனக்குச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே: எனக்கு வலித்தால் என் மகளிடம் சொல்லிவிடுவேன். அவள் பதறினாலும் சரி, ஓடி வரட்டும்.

லீவு போட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய,
உன் மகள் சுமதி