அம்மன் கோர்ட்டுக்கு வந்த நாள்

மதினி,

இன்று காலை பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி மடியில் எலுமிச்சம்பழ மாலை வைத்திருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் தனியாகச் சிரித்துவிட்டேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும்.

என் கொழுந்தன் நம் அம்மன் கோயில் நிலத்தையும் அதிலிருந்த நல்லதண்ணிக் கிணற்றையும் வளைத்துக் கம்பிவேலி போட்டானே, அந்தக் காலம் நினைவுக்கு வந்தது. சுற்றிலும் எங்கே தோண்டினாலும் உப்பு. ஊருக்கே அந்த ஒரு கிணறுதான். கேட்கப் போன நம்மிடம், "கல்லுக்கு எதுக்குக் கெணறு? வேணும்னா அதுவே வந்து கேக்கட்டும்" என்றான். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை.

கேஸ் போட வழி கேட்டுப் போனபோது வக்கீல் தம்பி உங்களிடம் சொன்னார்: "சட்டத்துல சாமியும் ஒரு ஆள்தான் ஆச்சி. சொத்து வச்சிக்கிடலாம், கேஸ் போடலாம். ஆனா மைனர் பிள்ளை மாதிரி. அதுக்காகப் பெரியவங்க யாராவது பேசணும்."

அம்மன் பேரில் கேஸ் போட்டு, அவளுக்காகப் பேசும் பெரியவளாக நீங்களே கையெழுத்துப் போட்டீர்கள். பிள்ளை என்றதையும் அப்படியே எடுத்துக்கொண்டீர்கள். கேஸ் நாளன்று, திருவிழாவுக்கு எடுக்கும் சின்ன அம்மன் சிலைக்கு எலுமிச்சம்பழ மாலை போட்டு, சிவப்புத் துண்டில் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றீர்கள்.

"என்ன மதினி இது?"

"கேஸ் போட்டவ வரண்டாமாளா? பச்சப் பிள்ளைய தனியா விட்டுட்டா வாரது?"

ஊர் எல்லை தாண்டினால் அம்மன் கால் தரையில் படக்கூடாது என்பது நம் வழக்கம். பஸ்ஸிலும் மடியைவிட்டு இறக்கவில்லை. "மடியில யாரு ஆச்சி?" என்றான் கண்டக்டர்.

"பொம்பளப் பிள்ளதாம்லே. பிரீ டிக்கெட்டக் கிழி."

அவன் கிழித்தும் கொடுத்தான்!

கோர்ட்டில் கேஸைக் கூப்பிட்டதும் துண்டை விலக்கிக் காட்டினீர்கள். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். ஜட்ஜம்மா எட்டிப் பார்த்து, "இவங்க நேர்ல வரவேண்டியதில்ல பாட்டிம்மா. நீங்க வந்தாப் போதும்" என்றார்.

"கோயிலுக்குள்ளயே கெடந்தா அவளுக்கும் பொழுது போவண்டாமா தாயி?"

கோர்ட்டே சிரித்தது. கொழுந்தன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கேட்டபடி அவளே வந்துவிட்டாளே!

நிலமும் கிணறும் அம்மனுக்கே என்று தீர்ப்பானது. வேலியைப் பிடுங்கிய அன்று, இறைத்த முதல் வாளித் தண்ணீரை என் தலையில்தான் ஊற்றினீர்கள். நாம் இருவரும் பிள்ளைகள் மாதிரி நனைந்து நின்றோம்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு அம்மனுக்காகப் பேசும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கிணற்றில் மோட்டார் இறக்க வந்தவர்களிடம் பேசினேன், பஞ்சாயத்தில் பேசினேன். நேற்று கொழுந்தனே குடத்தோடு வந்து நின்றான். "ஒரு கொடம் எடுத்துக்கிடட்டுமா?" என்றான். கிணறு என்னுடையதாக இருந்தால் விரட்டியிருப்பேன். ஆனால் அம்மன் யாரையும் தாகத்தோடு அனுப்பியதில்லையே. கயிற்றை அவன் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

அவளுக்காக யாரிடம் வேண்டுமானாலும் பேசுகிறேன், மதினி. எனக்கும் அவனுக்கும் மட்டும் இன்னும் பேச்சில்லை.