அறுபத்திரண்டு கிலோ

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். அத்தை நலம், அவருடைய முழங்கால் மட்டும் நலமில்லை. நீங்கள் நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. அதைத்தான் வாராவாரம் கையை மடக்கி, மூச்சை இழுத்துப் பிடித்து, போட்டோவாக ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நான் பேச ஆரம்பித்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முட்டை உரிக்கிறீர்கள். கோபமாக ஒரு வார்த்தை சொன்னால் அந்த அறையில் யாரோ பின்னாலிருந்து சிரிக்கிறார்கள். கடிதத்தை ஸ்பீக்கரில் போட முடியாது. தனியாக உட்கார்ந்து படியுங்கள். படித்து முடித்ததும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: லீவுக்கு எப்போது வருகிறீர்கள்?

முதல் தடவை கிடங்கில் சரக்குக் கணக்கு எடுக்கிறார்கள் என்றீர்கள். சரி என்றேன். அடுத்த தடவை கூட வேலை பார்ப்பவர் லீவில் போய்விட்டார் என்றீர்கள். அவருக்கும் பெண்டாட்டி இருப்பாள், போகட்டும் என்று விட்டேன். போன மாதம் பொய் சொல்லக்கூடச் சோம்பல் பட்டு, இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்றீர்கள். என்ன ஆகட்டும் என்று கேட்டேன். முட்டை ஆறுகிறது என்று வைத்துவிட்டீர்கள்.

குளியலறைக் குழாயைச் சரி செய்தாகிவிட்டது. நானே வாஷர் வாங்கிப் போட்டேன். உங்கள் தங்கைக்கு வேறு கிளைக்கு மாற்றல் வந்திருக்கிறது. வாய் ஓயாமல் புலம்புகிறாள், ஆனால் புதுப் பை வாங்கிவிட்டாள்.

இப்போது அந்தக் கடைசிப் போட்டோவுக்கு வருகிறேன். கையில்லாத பனியனில், ஒரு கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறீர்களே, அது. அத்தை போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எம் புள்ள இப்படி இளைச்சுப் போயிட்டானே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெற்ற மனசு, புஜத்தைப் பார்க்கவில்லை, ஒட்டிய கன்னத்தைப் பார்த்தது. நான் இரண்டையும் பார்த்தேன். பிறகு அதற்குக் கீழே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்றும் பார்த்தேன். ஒருத்தி வரிசையாக நெருப்புப் படம் போட்டிருக்கிறாள். யார் அவள்? அவள் பக்கத்துக்குப் போய் என் போனில் சார்ஜ் தீரும்வரை பார்த்தேன். உங்கள் ஜிம்மில்தான் ஓடுகிறாள் போலிருக்கிறது. இடுப்பு ஒரு பிடிதான் இருக்கும். எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காக எழுத எனக்குத் தெரியாது, எரிந்தது, அவ்வளவுதான்.

பெண்கள் பார்க்கத்தான் ஆண்கள் உடம்பை ஏற்றுகிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் கடையில் சட்டைப் பிரிவில் டிரையல் ரூம் வாசலில் நிற்பவள் நான். இப்போதெல்லாம் வருகிற பையன்களில் பாதிப் பேர் உங்கள் ஜாதிதான். நாற்பத்திரண்டு சைஸ் சரியாக இருக்கும், நாற்பது கேட்பார்கள். சட்டைக் கை இறுக்கிப் பிடித்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. பட்டன் தெறித்துவிடும் தம்பி என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும். ஆனால் ஒன்று கவனித்தேன். வெளியே வந்ததும் எங்களை அவர்கள் பார்ப்பதே இல்லை. பக்கத்து அறையிலிருந்து வருகிற பையனின் தோளைப் பார்க்கிறார்கள். அவன் கொஞ்சம் பெரிதாக இருந்துவிட்டால் வாங்கிய சட்டையிலேயே சந்தோஷம் போய்விடுகிறது. தன்னை முன்பு எலும்புக்கூடு என்று கூப்பிட்டவன் ஒரு கல்யாணத்துக்கு வருகிறானாம், அதற்குத்தான் சட்டை எடுக்க வந்திருப்பதாக ஒருவன் என்னிடமே சொன்னான். பாவமாகத்தான் இருந்தது. உங்களை நினைத்துக்கொண்டேன், அந்தப் பாவமும் போய்விட்டது.

ஏனென்றால் அதற்கு முந்தின நாள்தான் நீங்கள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒன்றுமில்லை. எடுத்த எடுப்பில், "இப்ப உன் வெயிட் எவ்ளோ?" எந்தப் பெண்டாட்டியிடமாவது யாராவது இப்படிக் கேட்பார்களா? அறுபத்திரண்டு என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்துவிட்டு அந்த நெருப்புக்காரி ஐம்பதுகூட இருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். தராசில் ஒரு பக்கம் அவளையும் மறு பக்கம் என்னையும் வைத்துப் பார்க்கிறீர்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். லீவு தள்ளிப் போவதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். அத்தை கேட்டால் கடையிலேயே சாப்பிட்டேன் என்பேன். போன வியாழக்கிழமை கடையில் சட்டைக் கட்டு ஒன்றை எடுக்கப் போய்க் கண் இருட்டிக்கொண்டு வந்து, ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் தெளித்தார்கள். இதை அத்தையிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அறையில் இருக்கிற டிரைவர் அண்ணனின் மனைவி போன் செய்தார். எங்களுக்குள் அவ்வப்போது பேச்சு உண்டு, இரண்டு பேருக்கும் ஒரே நோய்தானே. நான் அடக்க மாட்டாமல் நெருப்புக்காரி விஷயத்தைக் கொட்டிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் சொன்னார்: "அடி பைத்தியமே, அவ அந்த ஜிம்ல ரிசப்ஷன்ல இருக்கா, வர்றவங்க எல்லாருக்கும் போடுறா, என் வீட்டுக்காரர் தொப்பைக்கே போட்டிருக்கா. உன் புருஷன் உன்னைத் தூக்கத்தான் பாடுபடுறாரு. அறுபத்திரண்டு கிலோவ நெஞ்சு வரைக்கும் தூக்கி நிறுத்திட்டுத்தான் லீவு எழுதுவேன்னு உக்காந்திருக்காரு. அறுபது வந்திருச்சு. அதுல இடுப்பு பிடிச்சு மூணு நாள் படுக்கையில கிடந்தாரு, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினாரு."

போனை வைத்துவிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற நம் கல்யாணப் போட்டோ முன்னால் போய் நின்றேன். போட்டோக்காரர் பெண்ணைத் தூக்குங்கள் சார் என்றார், நீங்கள் குனிந்தீர்கள், என் கால் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது, அதற்குள் இரண்டு பேரும் நாற்காலியில் விழுந்தோம். சரி மேடம், நீங்க தூக்குங்க என்று அவர் சும்மா சொன்னார். நான் தூக்கிவிட்டேன். ஊரே கை தட்டியது, அந்தப் படத்தைத்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். எனக்கு அதில் இன்றைக்கும் பெருமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்? அந்தப் படத்தில் நான் சிரிக்கிற சிரிப்பை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உங்கள் முகத்தை ஞாயிற்றுக்கிழமைதான் சரியாகப் பார்த்தேன். சொல்லியிருக்கலாம் நீங்கள். எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை, கழற்றி வை என்று ஒரு வார்த்தை போதும். அதற்குப் பதில் இத்தனை மாதமாக இரும்பைத் தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதைக் கேட்டால் பொறாமை போயிருக்க வேண்டும். போகவில்லை, இடம் மாறிவிட்டது. என் எடையில் ஓர் இரும்பு தினமும் உங்கள் நெஞ்சோடு இருக்கிறது. நான் இங்கே அத்தையின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் இடுப்பில் டிரைவர் அண்ணன் தைலம் தேய்க்கிறாராம், நல்ல மனிதர்தான், இருந்தாலும் அவர் யார் தேய்க்க? நீங்கள் வலியில் முனகியதை அந்த அறையில் இருக்கிற மூன்று பேரும் கேட்டிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. அந்த மூன்று பேர் மேலும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இனிமேல்தான் நான் எழுத வந்ததே. நான் சொன்ன கணக்கு பொய். அன்று கோபத்தில் ஏழு கிலோவுக்கு மேல் முழுங்கிவிட்டேன். நேற்று கடைக்குப் பக்கத்து மருந்துக்கடை மிஷினில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் பார்த்தேன். பட்டினி கிடந்த பிறகும் அறுபத்தொன்பது. இதைச் சொல்லாமல் விட்டால் இன்னும் இரண்டு கிலோ ஏற்றிவிட்டு ஆசையாக ஓடி வருவீர்கள், வாசலிலேயே குனிவீர்கள், அந்த இடுப்போடு. அதை நினைத்தாலே எனக்குக் குலை நடுங்குகிறது. சொன்னாலோ, இன்னும் ஒன்பது கிலோ ஏற்ற வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்துவிடுவீர்கள். உங்கள் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? நேற்று முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு, சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நேற்று ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டேன். இன்றும் சாப்பிடுவேன். அறுபத்தொன்பது எழுபது ஆகலாம், அதற்கு மேலும் போகலாம். நீங்கள் அங்கே ஏற்ற ஏற்ற நான் இங்கே ஏறிக்கொண்டுதான் இருப்பேன், இந்த ஓட்டத்தில் நீங்கள் ஜெயிக்கவே முடியாது. அதனால் அந்த இரும்பை இறக்கி வைத்துவிட்டு லீவை எழுதிக் கொடுங்கள். ஜிம்முக்குப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடுப்பு சரியானதும் போங்கள், உங்களுக்குப் பிடித்திருந்தால் போங்கள். என்னை இலக்காக வைத்துப் போகாதீர்கள். எனக்கு வேண்டியது தூக்குகிற ஆள் இல்லை, பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிற ஆள்.

வருகிற தேதியை எனக்கு மட்டும் எழுதுங்கள். உங்கள் தங்கையிடம் சொல்ல வேண்டாம், ஸ்டேட்டஸ் போட்டுவிடுவாள். அத்தையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் வந்த மறுநாள்; முதல் நாள் நாம் வெளியே எங்காவது தங்கிக்கொள்வோம். பெற்றவர்தான், பாசம்தான், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள், அந்த முதல் ஒரு நாள் மட்டும் உங்களை நான் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாமல் சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள்
அறுபத்தொன்பது கிலோ மனைவி