கட்டை விரலும் கொழுந்து லொறியும்

பெப்ரவரி 3, திங்கள்

அன்ஸார் நானா டயர் கடையில் கொடுத்த டயரி இது. லொறிக்கு ஒயில் மாற்றும் தேதி குறிக்கத்தான் வைத்திருந்தேன். இன்று வேறு எழுத வேண்டியிருக்கிறது.

ருமேனியாவில் நிலக்ஷியின் தையல் ஃபெக்டரி ஒப்பந்தம் முடிந்துவிட்டது. மகள் நேராக வீட்டுக்கு வருவாள் என்று என் சம்சாரம் சண்முகவடிவு வாசலுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இவளோ ரோட்டில் நின்று, வருகிற லொறியை எல்லாம் மறித்து ஏறி, பல்கேரியா, துருக்கி எல்லாம் கடந்து, ஜோர்ஜியாவில் போய்த்தான் பிளேன் ஏறுவாளாம். தனியாக!

"மூணு வருஷமா தையல் மெஷினத் தவிர எதப் பாத்தேம்பா? இவ்வளவு தூரம் வந்துட்டு ஒன்னும் பாக்காம திரும்பச் சொல்றீங்களா?"

"டிக்கட் போட்டுட்டுப் பேசு. அதுவரைக்கும் என்கூடப் பேசாத" என்று போனை வைத்துவிட்டேன்.

தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுகிறவன் எனக்குத் தெரியாதா, லொறிக்காரர்களைப் பற்றி?

பெப்ரவரி 5

பேசவில்லை. அவளும் டிக்கட் போடவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

சண்முகவடிவு வேண்டுமென்றே போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு காலில் போடும் சப்பாத்தைத் துடைத்தேன். காது மட்டும் அங்கேதான் இருந்தது.

பல்கேரியாவில் முதல் நாள் ஒரு வாகனமும் நிற்கவில்லையாம். எங்கள் தலவாக்கலையில் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி கையை நீட்டி, கீழ்ப்பக்கமாக ஆட்டியிருக்கிறாள். அங்கத்தை டிரைவர்கள் "மெதுவாகப் போ, முன்னால் பொலிஸ் நிற்கிறது" என்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். ஒவ்வொருத்தரும் வேகத்தைக் குறைத்து, நன்றியாக ஹோர்ன் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கடைசியில் பாண், ரொட்டி விற்கும் கடைக்காரி ஒருத்தி ஓடி வந்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டச் சொல்லிக் கொடுத்தாளாம்.

சிரிப்பு வந்துவிட்டது. இருமுவது போல் சமாளித்தேன். "அப்பா சிரிக்கிறாங்களாம்மா?" என்று கேட்டது கழுதை.

பெப்ரவரி 14

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்: கொழுந்து லொறியில் ஆள் ஏற்றக்கூடாது. போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் பின்னால் தொங்கி வந்தவர் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். சட்டம் சரிதான்.

பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா முழங்கால் வலியோடு டிஸ்பென்சரிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். கையை நீட்டினார். நான் முன்கண்ணாடியைத் துடைப்பது போலப் பார்வையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் செய்தி போய்விட்டது. சண்முகவடிவு சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "அங்க எவனோ பேரு தெரியாத மனுசன் நம்ம புள்ளய ஏத்திக்கிட்டுப் போறான். இங்க நீங்க தெரிஞ்ச மனுசியப் பாக்காத மாதிரி போறீங்க."



பெப்ரவரி 20, வியாழன்

துருக்கியிலிருந்து தாய்க்குச் செய்தி: "மலைப் பாதை. ஒரே பனி. ஒரு லொறியில ஏறிட்டேன். சார்ஜ் கொஞ்சந்தான் இருக்கு."

அவ்வளவுதான்.

பெப்ரவரி 21

ஒன்றும் வரவில்லை. சண்முகவடிவு போனைக் கையிலேயே வைத்திருக்கிறாள்.

பேசாதே என்று சொன்னவன் நான்தானே. ஏன் சொன்னேன்? எங்கே நிற்கிறாளோ... பனியில் கையை நீட்டிக்கொண்டு... எவனாவது பார்க்காத மாதிரி போய்விட்டால்?

பெப்ரவரி 22

இன்றும் இல்லை. காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் யாரோ கூப்பிட்டது கூடக் காதில் விழவில்லை.

மழை. மாரியாயி அக்கா தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் நடந்துகொண்டிருந்தார். இந்தத் தடவை கையை நீட்டவில்லை. லொறியைப் பார்த்ததும் தண்ணீர் ஓடும் காணுப் பக்கம் ஒதுங்கி வழி விட்டார். அதுதான் என்னைக் கொன்றது. பிரேக் போட்டேன்.

"ஏறுங்கக்கா."

"வேணாந்தம்பி. ஒன் வேலைக்குக் கேடு வந்துரும்."

"முன் சீட்டுலதான் ஏத்துறேன். யாரு கேட்டாலும் நான் பேசிக்கிறேன். ஏறுங்க."

ஏறியதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "புள்ள பேசிருச்சா?" நான் அழுதுவிட்டேன். லொறி ஓட்டிக்கொண்டே, வைப்பரும் வேலை செய்யாத கண்ணாடிக்குப் பின்னால், ஐம்பது வயது ஆம்பளை.

டிஸ்பென்சரி வாசலில் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பார்த்துவிட்டார். "நோட்டீஸ் படிக்கலயா?" என்றார். "படிச்சேங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வழியே நடந்தார்.

பெப்ரவரி 23, ஞாயிறு

பேசிவிட்டாள்! பேசிவிட்டாள்!

பனியில் பாதை மூடிவிட்டது. மின்சாரமும் இன்றுதான் வந்ததாம். லொறிக்காரர் யூசுப் தன் வீட்டுக்கே கூட்டிப்போயிருக்கிறார். மறுநாள் காலை இவள் கிளம்பப் பார்த்தாளாம். அவர் மனைவி இவள் சப்பாத்தை எடுத்து அடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார். பாதை திறக்கிற வரை தர மாட்டேன் என்று சைகையிலேயே சொல்லி, முன்னால் சூப்பும் ரொட்டியும் வைத்து, சாப்பிடுகிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம்.

"அப்பா, யூசுப் மாமா ஒங்களப் பாக்கணுங்கிறாரு."

வீடியோவில் பெரிய மீசை தெரிந்தது. எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. அவர் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிப்போய்ப் பனி மூடிய தன் லொறியைக் காட்டினார். நான் மடுவத்துக்கு ஓடிப்போய் என் லொறியைக் காட்டினேன். அவர் டயரைத் தட்டினார். நானும் தட்டினேன். பின் டயர் தேய்ந்திருப்பதைப் பார்த்துத் தலையை ஆட்டிக் கண்டித்தார். கண் சரியான கண்தான்!

கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் நெஞ்சில் கை வைத்தார்.

நிலக்ஷியிடம் "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டேன்.

மார்ச் 2

ஜோர்ஜியா போய்ச் சேர்ந்துவிட்டாள். பின் டயர் மாற்றியாயிற்று. அன்ஸார் நானா காரணம் கேட்டார். துருக்கியில் சொன்னார்கள் என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஹட்டன் ஸ்டேசனுக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்றதற்கு, "வேணாம்பா, நானே வந்துருவேன்" என்றாள். எப்படி வருவாள் என்று தெரியாதா எனக்கு!

பிளேனை விட்டு இறங்கி அவிசாவளை வரை வந்தவள், அங்கே நின்று பழக்க தோசத்தில் கட்டை விரலைத் தூக்கியிருக்கிறாள். நம் லொறிக்காரர்கள் ஏதோ பாராட்டுகிறாள் என்று பதிலுக்குக் கட்டை விரலைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகுதான் நினைவு வந்து, தலவாக்கலைக் கையை நீட்டினாளாம். ராகலைக்குத் திரும்பும் மரக்கறி லொறி நின்றது.

சாயங்காலம் அந்த லொறி எங்கள் லயத்துக்குக் கீழே வந்து நின்றது. ஒரே பனிமூட்டம். நிலக்ஷி குதித்து இறங்கினாள். கறுத்திருக்கிறாள். அவள் தாய் கட்டிப்பிடித்து அடித்தாள், பிறகு அழுதாள். நான் லொறிப் பக்கம் போனேன்.

டிரைவர் பெயர் சுனில். எஞ்சினை நிறுத்தவேயில்லை. சாப்பிட வாருங்கள் என்று சிங்களத்தில் கூப்பிட்டேன். நேரமாகிறது, இன்னொரு நாளைக்கு என்றார். ஜன்னலுக்குள் கையை விட்டு எஞ்சினை அணைத்தேன். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன். மனிதர் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

இப்போது உள்ளே இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிடுகிறார். பனி விலகட்டும், பிறகு போகலாம் என்று சொல்லிவிட்டேன். நிலக்ஷி என் சட்டைப்பையைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

சாவி இன்னும் அங்கேதான் இருக்கிறது.