லுணுகலைக் கருவண்டு

1908 மார்ச் 3

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில், ஊசியில் குத்திய வண்டுகள் இருக்கும் அலமாரியைத் துடைத்தேன். அதன் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம், எறும்பு ஏறாமலிருக்க. துரை என் பெயரைக் கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. பங்களாச் சமையல்காரரான அப்பாதான் சொன்னார்: "அங்கம்மாங்க தொரை. வாயை வூட்டுலயே வச்சுட்டு வந்துருச்சு."

மார்ச் 6

ஐயோ. பெருக்கும்போது தள்ளிய அலமாரியை நான் திருப்பி இழுக்கவில்லை. மூன்று நாளாகச் சுவரில் ஒட்டி நின்றிருக்கிறது. சுவர் வழியே எறும்பு. துரை லுணுகலையில் பிடித்த பெரிய கருவண்டில் ஊசியும் சீட்டும் ஒரு சிறகும்தான் மிச்சம். சீட்டில் 'லுணுகலை, 1903'. அடுத்த வாரம் அலமாரியிலுள்ள எல்லா வண்டுப் பெட்டியும் கொழும்பு மியூசியத்துக்குப் போகிறது. தெரிந்தால் அப்பாவுக்குப் பத்துச்சீட்டுதான், வேலை போய்விடும். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டை விட்டு எங்கே போவோம்?

மார்ச் 7

எங்கள் லயத்து உத்தரத்தைத் துளைக்கிற கருவண்டைத் துணியால் பிடித்தேன். அசைவு நிற்கும்வரை தண்ணீரில் அமுக்கினேன். பழைய ஊசியில் குத்தி வைத்தேன். அதே சீட்டு. எல்லாம் கறுப்புதானே, யாருக்குத் தெரியும்?

மார்ச் 8, காலை

பெட்டிக்குள் சத்தம். அது சாகவில்லை! துரை பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விட்டார். கொஞ்சம் நிற்கும் – மறுபடி விர்ரென்று. அதுக்கு எவ்வளவு வலிக்கும்?

மாலை

இன்னும் சாகவில்லை.

மார்ச் 9

பசறையிலிருந்து வந்த வேறொரு துரைக்குக் காட்ட, நம் துரை பெட்டியைத் திறந்தார். கருவண்டு ஊசியிலேயே சுற்றியது. வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். நம் துரை சிரிக்கவில்லை.

"அப்பு!" என்று அப்பாவைக் கூப்பிட்டார். "யார் செஞ்சது?"

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். "நான்தாங்க தொரை."

"நாளைக்கு உனக்குப் பத்துச்சீட்டு."

கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். "நானுங்க தொரை" – என் குரலா அது?

"சும்மா இருடீ," என்றார் அப்பா.

"எறும்பு தின்னுருச்சுங்க. பயந்துக்கிட்டு நான்தான் வேற வச்சேன். லயத்துல புடிச்சது."

துரை கருவண்டை ஊசியிலிருந்து மெல்லக் கழற்றினார்.

மார்ச் 14

பெட்டிகள் மாட்டுவண்டியில் பண்டாரவளை ரயிலுக்குப் போய்விட்டன. லுணுகலைச் சீட்டு வெறும் ஊசியிலேயே இருக்கிறதாம். பக்கத்தில் லயத்துக் கருவண்டு, இந்த வருஷச் சீட்டோடு. அப்பா சொன்னார். அவருக்குப் பத்துச்சீட்டு இல்லை, சமையல்கட்டு இன்னும் உண்டு. எனக்குத்தான் இனி பங்களா இல்லை, கொழுந்து பறிக்கிற வேலை.

காலையில் எனக்கு முதல் பெரட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. அத்தனை பேர் முன்னால் சின்னராசா கங்காணி பெயர் கேட்டார்.

"அங்கம்மா," என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை.