தாராக்கள் செத்த வயல்

மடவளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பஹீம் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மா சுகம். மழைக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனாலும் தொழுகைக்குக் கதிரை வேண்டாம் என்று இன்னும் அடம்பிடிக்கிறார். தோஹாவில் இப்போது குளிராமே. நெஞ்சுச் சளியோடு வேலைக்குப் போக வேண்டாம் என்று உம்மா எழுதச் சொன்னார்.

போனில் பேசினால் நீங்கள் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். நான் அனுப்புகிற குரல் பதிவுகளைக் கேட்கிறீர்களோ இல்லையோ தெரியாது. அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு ராத்தாவின் மாப்பிள்ளை வியாழக்கிழமை அங்கே வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கிழிப்பதென்றால் கடைசிவரை வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

உங்கள் கடைசி மெசேஜுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாட்டேன். வயலில் நஞ்சு வைத்தது யாரென்று தெரியாது என நான் நீதிமன்றத்தில் சொல்ல மாட்டேன். மாமா நம்முடைய ரத்தம் என்று எழுதியிருந்தீர்கள். அதை எனக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. வாப்பா மௌத்தான பிறகு என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனதும், ரிசல்ட் வந்த அன்று கடைவீதி முழுக்கச் சொல்லித் திரிந்ததும் முஹைதீன் மாமாதான். நடந்ததை நீங்கள் மாமி வாயால் மட்டும் கேட்டிருக்கிறீர்கள். என் வாயாலும் கேளுங்கள்.

என் வேலை என்னவென்று மாமிக்கு இன்னும் விளங்கவில்லை. நவம்பரில் தூர தேசத்திலிருந்து தாராக்களும் உள்ளான்களுமாய் வலசைப் பறவைகள் இறங்குகின்றன. அவற்றின் எச்சத்தையும், வலையில் பிடித்தவற்றின் தொண்டைச் சளியையும் பஞ்சுக்குச்சியால் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகிறோம். பறவைக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறோம். காட்டுப் பறவையில் இருப்பது முன்கூட்டியே தெரிந்தால் கோழிக் கூடுகளை மூடிக் காப்பாற்றலாம். பொல்கொல்லை நீர்த்தேக்கத்திலும் அலவத்துகொடவில் மாமாவின் பண்ணைக்குக் கீழே இருக்கும் வயலிலும் இந்தப் பருவம் பார்த்தோம். எங்கள் மிருக வைத்தியர் டொக்டர் சுதர்சினியை உங்களுக்குத் தெரியாது. ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. சேற்றில் எனக்கு முன்னால் இறங்குகிறவர்.

முகமூடியும் வெள்ளை உடுப்புமாக நாங்கள் வரம்பில் நிற்பதை யாரோ படம் பிடித்து, கண்டிக்குப் பறவைக் காய்ச்சல் வந்துவிட்டது என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். அந்தக் கிழமையே கோழி விலை விழுந்தது. மாமா வாடிக்கையாகக் கொடுக்கும் ஹோட்டல்காரர்கள் கோழி எடுக்க ஆளை அனுப்பவில்லை. மாமா வீட்டுக்கு வந்து, இந்த வேலையை விடச் சொல்லு என்று உம்மாவிடம் சத்தம் போட்டார். நான் உட்காரவைத்து விளக்கினேன். நாங்கள் தேடுவதால் நோய் வருவதில்லை, தேடாவிட்டால் வருவது தெரியாமல் போகும் என்றேன். தேடிக் கிடைத்தால் என் பண்ணையை என்ன செய்வீங்க என்று கேட்டார். நோய் கோழிக்கும் தொற்றியிருந்தால் அழிக்கத்தான் வேண்டி வரும் என்று உண்மையைச் சொன்னேன். அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

டிசம்பரில் ஒரு காலை வயலில் தாராக்கள் செத்துக் கிடப்பதாகச் செய்தி வந்தது. போய்ப் பார்த்தோம். தண்ணீர் கட்டிய வயல் முழுக்க நீலச்சிறகித் தாராக்கள் சிறகை விரித்தபடி கிடந்தன. சில உயிரோடு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. நானா, காய்ச்சல் வந்துவிட்டது என்றே நினைத்தேன். பண்ணையை மூடுங்கள், ஒரு கோழியையும் வெளியே விடாதீர்கள் என்று மாமாவுக்குத்தான் முதலில் போன் எடுத்தேன். சரி மகள் என்றார். அந்தக் குரலில் பதற்றமே இல்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

மறுநாள் வேலாயியையும் அவள் புருஷனையும் கண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வேலாயியை உங்களுக்குத் தெரியும். மாமாவின் பண்ணையில் கூடு கூட்டுகிறவள், நீங்கள் போனமுறை வந்தபோது பலாக்கொட்டை வறுத்துக் கொடுத்தவள். இருவருக்கும் ஓயாத வாந்தி, வாயில் நுரை. மனிதருக்கும் தொற்றிவிட்டது என்று ஊர் கதவைச் சாத்தியது. டொக்டர்மார் நஞ்சு என்று சந்தேகித்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், புருஷன்காரன் மீன் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். வேலாயிக்குப் பேச்சே இல்லை.

அன்று பின்னேரம் எங்கள் பரிசோதனை முடிவு வந்தது. தாராக்களில் காய்ச்சல் கிருமி இல்லை. சுதர்சினி ஒரு தாராவின் இரைப்பையைத் திறந்தார். உள்ளே அரிசி. பூச்சிமருந்து வாடை முகமூடியைத் தாண்டி அடித்தது. நான் நேரே அலவத்துகொடவுக்குப் போனேன். மாமாவைச் சந்தேகித்துப் போகவில்லை. வேலாயி அந்தத் தாராக்களில் எதையாவது எடுத்தாளா என்று கேட்கத்தான் போனேன்.

மாமா முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதும் அவர் ஒளிக்கவில்லை. “நான்தான் வெச்சேன். என்ட கோழிக்கு வருத்தம் வர முந்தி அதுகள முடிச்சேன். அவள் ரெண்டு தாராவ எடுத்துட்டுப் போய் ஆக்குவாள்னு நான் கண்டேனா?” என்றார். மீன் என்று சொல்லச் சொன்னதும் அவர்தான். எந்த மருந்து என்று கேட்டேன். அலுமாரிக்குப் பின்னால் போத்தல் இருந்தது. நான் போனை எடுத்தேன். மாமா எழும்பினார்.

“அந்தப் போன எடுத்தா இனி இந்த வாசல மிதிக்காதே.”

“ரெண்டு உசிர் போகப்போகுது, மாமா.”

அவர் கண்முன்னாலேயே சுதர்சினிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போத்தலில் இருந்த பேரை எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன். மாமி என் தலைமுக்காட்டைப் பிடித்து இழுத்தார். மாமா திரும்பவும் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தின் பேர் தெரிந்ததும் டொக்டர்மாருக்கு வழி தெரிந்தது. வேலாயி பிழைத்தாள். புருஷனுக்கு இன்னும் கை நடுக்கம் போகவில்லை. இருவரும் தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். வேலாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, ஐயா மேல எனக்குக் கோவம் இல்லம்மா, ஆனா கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன் என்றாள்.

பிறகு வனஜீவி அதிகாரிகளும் பொலிஸாரும் வந்தார்கள். மாமா இப்போது பிணையில் இருக்கிறார். அடுத்த மாதம் வழக்குத் தவணை. நீங்கள் ஏழு வருஷமாக வெயிலில் நின்று அனுப்பியதில்தான் அந்த இரண்டாவது கோழிக் கொட்டகை எழும்பியது என்று எனக்குத் தெரியும். ஏப்ரலில் வந்து மாமாவோடு சேர்ந்து பண்ணையை நடத்தலாம் என்று நீங்கள் இருந்ததும் தெரியும். உங்கள் தங்கச்சியே அதற்கு மண் அள்ளிப் போட்டாள் என்று சொந்தக்காரர் சொல்வதையும் கேட்டுக்கொண்டுதான் கடைக்குப் போய் வருகிறேன். தலையைக் குனிந்து போகவில்லை. அந்த மருந்தின் பேரைச் சொல்ல அன்று நான் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் மாமாவின் மேல் இருப்பது பறவை வழக்காக இருக்காது. அதை இவர்களில் ஒருவர்கூட யோசிப்பதில்லை.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். கிருமி இல்லை என்று முடிவு வந்ததும், காய்ச்சலே பொய், இனி யாரும் வயலில் இறங்கக் கூடாது என்று பண்ணைக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். மிச்சத் தாராக்களை வெடி போட்டு விரட்டப்போகிறார்களாம். கூப்பிடாமலே போய்ப் பின்னால் நின்றேன். நீ என்னத்துக்கு வந்தாய் என்று ஒருவர் கேட்டார். உங்கள் கோழிகளுக்காகத்தான் என்றேன். இந்தமுறை கிருமி இல்லை, அடுத்தமுறை இருக்கலாம். விரட்டினால் அவை வேறு குளத்துக்கும் வேறு பண்ணைப் பக்கமும் போகும். எது எங்கே போனது என்று எங்களுக்கும் தெரியாமல் போகும். இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். இரண்டு பேர் பின்னாலேயே வந்து, தங்கள் கூடுகளையும் வந்து பாருங்கள் என்று மெதுவாகக் கேட்டார்கள்.

நேற்று சுதர்சினியோடு திரும்பவும் அதே வயலில் இறங்கினேன். வேலியோரம் ஆட்கள் கூடி நின்றார்கள். என் கால் தயங்கியதை அவர் கண்டிருக்க வேண்டும். “வாங்க ஸஹ்ரா, போவோம். இன்னைக்குத் திரும்பிட்டா இனி நம்மள இறங்கவே விட மாட்டாங்க” என்றார். இறங்கினோம். ஒருவன் கல்லெறிந்தான், தண்ணீரில் விழுந்தது. எச்சம் எடுத்து முடிக்கும்வரை நாங்கள் கரையேறவில்லை. தாராக்கள் கொஞ்சம்தான் மிச்சம். ஆனால் இருக்கின்றன.

மாமி உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார், அதனால் நான் சொல்கிறேன். வழக்கு வந்ததும் பண்ணையில் வேலை செய்தவர்கள் நின்றுவிட்டார்கள். மாமா அறையைவிட்டு வெளியே வருவதில்லை. கோழிகளுக்குத் தீனி வைப்பது நான். வயலில் இறங்கிய நாளில் நான் கூட்டுக்குள் போகக் கூடாது, அந்த நாளில் முழங்கால் வலியோடு உம்மா போகிறார். மற்ற நாளெல்லாம் குளித்து, உடுப்பு மாற்றி, பண்ணைச் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்பக்க வழியால் போகிறேன். வாசலை மிதிக்காதே என்றார், நான் வாசலை மிதிக்கவில்லை. முதல் நாள் கூடு பூட்டியிருந்தது. மறுநாள் பூட்டின் திறப்பு வேலியில் தொங்கியது. அதற்குப் பிறகு தினமும் தொங்குகிறது. மாமி அதைச் செய்கிற ஆள் இல்லை. உங்கள் கொட்டகையில் ஒரு கோழிகூடச் சாகவில்லை, முட்டையும் குறையவில்லை. அந்தப் பண்ணையை நான் அழிய விட மாட்டேன். பொய் சொல்லிக் காப்பாற்றவும் மாட்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எனக்குப் போன் எடுக்காவிட்டாலும் மாமாவுக்கு எடுங்கள். செய்ததை அவரே நீதிமன்றத்தில் சொல்லட்டும். தண்டம் வந்தால் கட்டுவோம், என் சம்பளமும் இருக்கிறது. அவர் வாயால் வந்தால் நான் அந்தச் சாட்சிக் கூண்டில் ஏறி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டி வராது. நான் சொன்னால் கேட்க மாட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார்.

ஐந்து நேரத் தொழுகையிலும் உங்களுக்காகத் துஆக் கேட்கிறேன். கேட்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் கேட்பேன். அல்லாஹ் உங்கள் உடம்புக்கு நல்ல சுகத்தையும், ஊருக்கு நல்லபடியாய்த் திரும்பும் வழியையும் தரட்டும். ஏப்ரலில் வருகிற நாளை உம்மாவுக்காவது அறிவியுங்கள். விமான நிலையத்துக்கு நான் வருவேன். நீங்கள் என்னைக் காணாதவர் போல வேறு வாகனம் பிடித்துப் போனாலும், நான் வந்து நிற்பேன்.

வஸ்ஸலாம்.

உங்கள் தங்கச்சி,
ஸஹ்ரா